திருப்பி வாசிக்காத மனிசன்

"போறன் அக்கா."

என்ரை தையல் கடை வாசலிலை நிண்டு அவர் சொல்லுற கடைசிச் சொல்லு எப்பவும் இதுதான். எங்கடை ஆக்கள் ஆராவது வெளிக்கிடேக்கை "போறன்" எண்டு சொல்லுவினமோ? கோவிச்சுக்கொண்டு வெளிக்கிடுறவன்கூட "போட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் கதவை அடிச்சுச் சாத்துவான். வெறும் "போறன்" எண்டால் ஒரேயடியாப் போறது. உது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முதல்நாள் அவர் அப்பிடிச் சொல்ல எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. காலமை கடை திறந்து முதல் வந்த ஆள் வேறை.

"இஞ்சை பாரும் தம்பி, என்ரை வாசலிலை நிண்டு போறன் எண்டு சொல்லாதையும். போட்டு வாறன் எண்டு சொல்லும்," எண்டன்.

அவர் வயலின் பெட்டியைத் தோளிலை கொழுவிக்கொண்டு சிரிச்சார். "போட்டு வாறன் எண்டு சொன்ன எத்தினை பேருக்கு நான் வயலின் வாசிச்சிருக்கிறன் தெரியுமோ அக்கா? ஒருத்தரும் வரேல்லை. நான் போறன்."

போயிட்டார். கொஞ்ச நாளாலை வந்தார். வந்து, திரும்பவும் "போறன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனார்.

அவற்றை பேரை நான் எழுதமாட்டன். எழுதுறதெண்டாலும் எந்தப் பேரை எழுதுறது? தாய் தேப்பன் வைச்ச பேர் ஒண்டு, இயக்கத்திலை குடுத்த பேர் ஒண்டு, பிரெஞ்சு அடையாள அட்டையிலை கிடக்கிற பேர் இன்னொண்டு. பாரிசிலை எங்கடை ஆக்கள் கூடுற லாச்சப்பல் சனத்துக்கு அவர் "வயலின்காரன்". நான் தம்பி எண்டு கூப்பிட்டனான். என்னைவிட ஏழெட்டு வயது இளமையா இருக்கும்.

முதல்முதல் கடைக்கு வந்தது ஒரு லேஞ்சிக்கு.

"அக்கா, வயலினுக்கும் தாடைக்கும் இடையிலை வைக்க ஒரு லேஞ்சி வேணும். கடையிலை வாங்குறது வழுக்குது. இரட்டைத் துணியிலை கரை மடிச்சுத் தைச்சுத் தருவியளோ?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பாரிசிலை எல்லாரும் கடதாசியாலை மூக்கைத் துடைச்சு எறிஞ்சுபோட்டுப் போகுதுகள். கைக்குட்டையை லேஞ்சி எண்டு சொல்லிக் கேட்டே எவ்வளவு காலம்! பிளவுஸ் வெட்டின மிச்சப் பருத்தித் துண்டிலை நீலத்திலை ஒண்டு தைச்சுக் குடுத்தன். தாடைக்குக் கீழை வைச்சுப் பாத்திட்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார்.

அதுக்குப் பிறகு ஒண்டு தேய ஒண்டுக்கு வருவார். ஆனால் ஒரு கட்டளை. போனமுறை தைச்ச நிறம் வேண்டாம்.

"ஏன் தம்பி, நீலம் வடிவாத்தானே இருந்தது?"

"வடிவுதான் அக்கா. அது முடிஞ்சுது."

மனிசனுக்கு எல்லாத்திலையும் உந்த வியாதி. மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவாலை வந்தால் லாச்சப்பல் மெற்றோவாலைதான் திரும்புவார். ஒருக்கா மழை கொட்டோ கொட்டெண்டு கொட்டுது, வந்த மெற்றோ கிட்டக் கிடக்குது, இவர் நனைஞ்சுகொண்டு மற்றப் பக்கம் நடக்கிறார். "விசரோ உமக்கு?" எண்டு பின்னாலை ஓடிப்போய்க் குடையைக் குடுத்தன். அந்தக் குடையைக்கூடத் தான் கொண்டு வரேல்லை, வேறை ஆரிட்டையோ குடுத்து அனுப்பினார்.

பாரிசுக்குக் கிட்டச் சார்செலிலை ஒரு பிறந்தநாளுக்கு வாசிக்கப் போனவர். சனம் கைதட்டி, "அண்ணை, அதையே இன்னொருக்கா!" எண்டு கத்த, "ஓம், ஓம்" எண்டு சொல்லிப்போட்டு வேறை ஒண்டை வாசிச்சாராம். ஒரு நினைவுகூரலுக்கு மண்டபத்திலை வந்து பழைய பாட்டை வாசியுங்கோ எண்டு கேட்டு வந்த ஆக்களிட்டை, வயலின் தந்தி அறுந்து கிடக்கு எண்டு சொல்லி அனுப்பினார். அடுத்த வருசமும் கேட்டு வந்தினம். அப்பவும் தந்தி அறுந்துதான் கிடந்தது.

வலது காது கேளாது. ஷெல் பக்கத்திலை விழுந்து போன காது. கடைக்குள்ளை வந்தவுடனை, "அக்கா, இடப்பக்கம் வாங்கோ" எண்டு என்னைத் தன்னைச் சுத்தி வர வைப்பார். நான் மறந்துபோய் வலப்பக்கம் நிண்டு ஊர்ப் புதினம் முழுக்கச் சொல்லி முடிச்சிருப்பன். "என்ன சொன்னனீங்கள்?" எண்டு கேப்பார்.

"நானும் திருப்பிச் சொல்லமாட்டன், போம்!" எண்டு நானும் விட்டுக்குடுக்கிறதில்லை. அவருக்கு அது நல்ல பம்பல், விளையாட்டு. சில நாள் கேட்டுப்போட்டும் கேளாதமாதிரி நிண்டு என்னட்டை அதை வாங்கிக்கொண்டு போவார்.

ரெஸ்ரோறன்ட் ஒண்டிலை கோப்பை கழுவுற வேலை. ஞாயிறு பின்னேரத்திலை மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் ஒரு கஃபேயிலை ஜாஸ் வாசிப்பார். ஜாஸ் எண்டால் என்னெண்டு எனக்கு ஆர் சொல்லித் தந்தது? எனக்கு வயலின் எண்டால் கோயில் பாட்டுக்குழு, இல்லாட்டிச் சங்கீதக் கச்சேரி. ஒரு ஞாயிறு பூசை முடிய, அப்பிடி என்னத்தைத்தான் வாசிக்கிறார் எண்டு பாப்பம் எண்டு போனன். அந்தக் கஃபேக்குள்ளை சீலையோடை இருந்த ஒரே மனிசி நான்தான். எல்லாரும் வைன் குடிக்கினம், நான் ஒரு தேத்தண்ணியை முன்னாலை வைச்சுக்கொண்டு இருக்கிறன்.

அவரோடை கித்தார் வாசிச்சது ஒரு பிரெஞ்சுக் கிழவர். ரெஸ்ரோறன்டிலை சாப்பிட வந்த இடத்திலை, குசினிக்குள்ளை ஆரோ விசிலடிக்கிறதைக் கேட்டு எழும்பிப் போய் எங்கடை ஆளைக் கண்டுபிடிச்சவர் அவர்தான்.

மாதாவே, அந்த வாசிப்பு! காலாலை தாளம் போடலாம் போலை ஒரு சந்தோசமான மெட்டிலை துவங்கிச்சுது. பிறகு அதை விட்டிட்டு அவர் எங்கையோ வெளிக்கிட்டார். ஒழுங்கை ஒழுங்கையாப் பூந்து, மதில் பாய்ஞ்சு, ஆரோ கலைக்கிறமாதிரி ஓடி, ஓரிடத்திலை மூச்சு வாங்க நிண்டு. என்ரை தேத்தண்ணி ஆறிப்போச்சுது. சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியாமல் இருந்தன். பாத்துக்கொண்டிருக்க, சடாரெண்டு வில்லைக் கீழை விட்டிட்டார். கிழவர்தான் தனிய அந்த முதல் மெட்டை வாசிச்சுப் பாட்டை முடிச்சார்.

இடைவேளையிலை கிழவர் எனக்குப் பக்கத்திலை வந்து இருந்தார். என்ரை பிரெஞ்சு ஊசி நூல் வாங்குற அளவுக்குத்தான். அவர் ஆறுதலாச் சொன்னார், விளங்கிச்சுது.

"மதாம், இந்த இசையிலை ஒரு வழக்கம். ஒரு மெட்டோடை துவங்குவம். பிறகு அவரவர் மனம் போன பக்கம் போகலாம். ஆனால் கடைசியிலை அந்த மெட்டுக்குத் திரும்பி வரோணும், வீட்டுக்கு வாறமாதிரி. உங்கடை தம்பி போவார். வரமாட்டார். நான்தான் எப்பவும் தனிய வீட்டை வாறனான்."

கிழவர் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

இயக்கத்திலை இருந்த கதையை அவர் ஒருநாளும் இருந்து ஒழுங்காச் சொன்னதில்லை. நான் தைச்சுக்கொண்டிருக்க, எப்பன் எப்பனா, துண்டு துண்டா வரும். கோயிலிலை வயலின் வாசிச்ச பொடியன். சண்டைக்கெண்டு போனவரை, வயலின் தெரியும் எண்டவுடனை வாத்தியக்குழுவிலை போட்டிட்டினம். துவக்கும் ஒண்டு தந்தவைதானாம், ஆனால் தோள் தேஞ்சது வயலினாலை எண்டு சொல்லுவார். சண்டையிலை செத்த பிள்ளையளின்ரை பெட்டி வீட்டு முற்றத்துக்கு வரேக்கை வாசிக்கிறதுதான் வேலை.

"ஒரே பாட்டு அக்கா. பெட்டி மாறும், முற்றம் மாறும், அழுகிற தாய் மாறும். பாட்டு மாறாது. மாத்தக் கூடாது எண்டு கட்டளை. முந்தநாள் என்னோடை ஒரு கோப்பையிலை சோறு திண்டவன், போட்டு வாறன் மச்சான் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன் பெட்டிக்குள்ளை கிடப்பான். அவனுக்கும் அதே பாட்டுத்தான்."

அதுக்குப் பிறகு நான் நிறத்தைப் பற்றி வாய் திறக்கேல்லை. ஒருக்கா மஞ்சள், ஒருக்கா பச்சை எண்டு பாத்துப் பாத்துத் தைச்சுக் குடுத்தன்.

இன்னொருநாள், நான் ஒரு கலியாணப் பிளவுசுக்குக் கை பூட்டிக்கொண்டிருக்கிறன். அவர் தானாச் சொல்லத் துவங்கினார்.

"ஒரேயொருக்காத்தான் மாத்தி வாசிச்சனான் அக்கா. அண்டைக்குச் சரியான ஷெல்லடி. பாட்டுக்காரர் ஒருத்தரும் வரேல்லை, நான் மட்டும் சைக்கிளிலை போனனான். பெட்டி முற்றத்திலை கிடக்குது. நான் பாட்டைத் துவங்க, தாய் எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சா. 'அந்தப் பாட்டு வேண்டாம் மோனை. றேடியோவிலை உது வந்தால் என்ரை பிள்ளை நிப்பாட்டிப்போட்டு விளையாடப் போறவன். வேறை ஏதும் வாசி' எண்டா. எனக்கு வேறை என்ன தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு கை போன பக்கம் வாசிச்சன். முடிய, தாடைக்குக் கீழை கிடந்த லேஞ்சியை அந்த அம்மாவிட்டைக் குடுத்திட்டு வந்திட்டன். பொறுப்பாளரிட்டை வாங்கிக்கட்டினது வேறை கதை."

நான் மெசினை நிப்பாட்டினன்.

என்ரை கூடப்பிறந்த தம்பியும் இயக்கத்திலை இருந்தவன். அவன் செத்த நேரம் நான் இஞ்சை பாரிசிலை. அம்மா கன நாளுக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்துதான் போன் எடுத்தவா. அழுது முடிச்சுப்போட்டு அம்மா சொன்னதிலை ஒண்டு எனக்கு அப்பிடியே மனதிலை நிண்டது. "வழமையான பாட்டு வேண்டாமெண்டு சொன்னன் பிள்ளை. வயலின் பொடியன் வேறை ஒண்டு வாசிச்சவன். தம்பி முற்றத்திலை ஓடித்திரியிற மாதிரிக் கிடந்தது. போகேக்கை தன்ரை லேஞ்சியையும் தந்திட்டுப் போனவன்."

"எந்த ஊர் அது?" எண்டு கேட்டன். குரல் எனக்கே கேக்கேல்லை. நல்லகாலம், அவற்றை இடப்பக்கம்தான் இருந்தனான்.

சொன்னார். எங்கடை ஊர்.

"முற்றத்திலை என்ன கண்டனீர்?"

"கிணத்தடியிலை ஒரு பச்சை வள்ளம் கவிட்டுக் கிடந்தது அக்கா. அதிலை சாத்தித்தான் சைக்கிளை விட்டனான்."

அது எங்கடை அப்பாவின்ரை வள்ளம்.

அவருக்கு எல்லாத்தையும் சொன்னன்.  எனக்கு அப்ப வேண்டியிருந்தது ஒண்டே ஒண்டுதான்.

"வாசியும்," எண்டன். "அதை இப்ப எனக்கு வாசியும். என்ரை தம்பியின்ரை முகத்தை நான் கடைசியாப் பாக்கேல்லை. அவனுக்கு வாசிச்சதையாவது ஒருக்காக் கேக்கோணும்."

"ஞாபகம் இல்லை அக்கா. வந்தது, போயிட்டுது."

"வயலினை எடுத்தால் ஞாபகம் வரும்."

"வராது. நான் திருப்பி வாசிக்கிறேல்லை அக்கா, உங்களுக்குத் தெரியும்."

"உம்மடை விசர்க் கொள்கையைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடும்!" எண்டு கத்திப்போட்டன். அந்த நேரம் அளவு குடுக்க வந்த ஒரு பிள்ளை பயந்துபோய் வாசலிலையே நிண்டிட்டுது.

அவர் எழும்பினார். "போறன் அக்கா" எண்டார். அண்டைக்கு நான் திருத்தேல்லை.

கன நாள் வரேல்லை. கோவத்திலை இருக்கிறன் எண்டுதான் நான் நினைச்சன், ஆனால் உள்ளுக்கை இருந்தது பயம். அம்மாவுக்கு எண்பது தாண்டிட்டுது. அண்டைக்கு அந்த முற்றத்திலை நிண்ட ஆக்களிலை மிஞ்சினது அம்மா ஒராள். எது அந்தப் பாட்டு எண்டு சொல்ல உலகத்திலை வேறை ஆளில்லை. அம்மா கண்ணை மூடினால், எனக்கு அது இல்லையெண்டு போயிடும். பொறுக்கேலாமல் கஃபேக்குப் போய்க் கிழவரிட்டைச் சொல்லி விட்டன். "எப்பிடி வேணுமெண்டாலும் வாசிக்கட்டும் மெசியோ. அம்மா போனிலை கேட்டுப்போட்டு, ஓம் இல்லை எண்டு சொல்லுவா. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

ஒருநாள் மத்தியானம் வந்தார். லேஞ்சி கேக்கேல்லை. "போனை எடுங்கோ அக்கா" எண்டார்.

வீடியோவிலை அம்மாவின்ரை நெத்தியும் வீட்டு முகடும்தான் தெரியுது. "அம்மா, போனை எப்பன் கீழை பிடியுங்கோ!" எண்டால், காது மட்டும் வருது. சரி, காதுதானே வேணும் எண்டு விட்டிட்டன். அவர் தொங்குற பிளவுசுகளுக்கு நடுவிலை நிண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசிச்சார்.

ஆறுதலாத் துவங்கிச்சுது. பிறகு வெளிக்கிட்டார், கஃபேயிலை போனமாதிரி. நான் கையைப் பிசைஞ்சுகொண்டு நிக்கிறன். இப்ப நிப்பாட்டப் போறார், இப்ப நிப்பாட்டப் போறார் எண்டு பாத்தால், நிப்பாட்டேல்லை. மெல்ல மெல்லத் துவங்கின இடத்துக்கே வந்தார். அந்த முதல் மெட்டைத் தானே வாசிச்சு முடிச்சார். என்ரை காதை என்னாலை நம்பேலாமல் கிடந்தது.

அம்மாவின்ரை காது விலகி, திரையிலை முகம் வந்தது. பிறகு அம்மா சொன்னா. "ஓம் மோனை. உதுதான். அண்டைக்கு நீ வாசிச்சது உதுதான்."

அவர் அப்பிடியே ஸ்ரூலிலை இருந்து, லேஞ்சியாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதன். பிறகு வயலினைப் பெட்டிக்குள்ளை வைச்சு, வாசலுக்குப் போய், திரும்பிப் பாத்தார்.

"போட்டு வாறன் அக்கா."

வந்த வழியாலையே போனார். மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் திரும்புமட்டும் நான் வாசலிலை நிண்டு பாத்தன்.

அடுத்த நாள் அம்மா போன் எடுத்தா. "பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லோணும். அது உதில்லை."

"எது?"

"நேற்று வாசிச்சது. நல்லாத்தான் வாசிச்சவன். ஆனால் அண்டைக்கு வாசிச்சது வேறை."

 "அப்ப ஏன் அம்மா ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"அண்டைக்கு நான் கேட்டதை அந்தப் பிள்ளை தட்டேல்லை. எத்தினை வருசமா உதைக் காவிக்கொண்டு திரியுது. ஓம் எண்டு ஒரு சொல்லுத்தானே அது கேட்டது. நான் எப்பிடி இல்லையெண்டுறது?"

அம்மாவைப் பேச வாய் வரேல்லை. ஆனால் ஆத்திரம் வந்தது, மறைக்கமாட்டன். அவருக்குக் குடுத்திட்டா. எனக்கு?

அவரிட்டை நான் இதைச் சொல்லேல்லை. கொஞ்ச நாளிலை அவர் பிரெஞ்சுப் பாஸ்போட்டோடை ஊருக்கு வெளிக்கிட்டிட்டார். போனால் பிடிச்சு உள்ளை போடுவாங்கள் எண்டு லாச்சப்பல் முழுக்கப் பயப்பிடுத்திச்சுது. ஒருத்தரும் பிடிக்கேல்லை. வயலின் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னவங்களாம், அதோடை சரி. ஒரு மாசத்திலை வருவன் எண்டு போனவர். வருசம் ரண்டாகுது. கஃபேயிலை கிழவர் இப்ப தனியத்தான் வாசிக்கிறார். என்னைக் கண்டால், "எப்ப வருவார் மதாம்?" எண்டு கேப்பார்.

அவர் அங்கை ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிட்டைப் போறார். பூசை முடியப் போய், அம்மா குடுக்கிற புட்டைத் திண்டுபோட்டு, முற்றத்திலை நிண்டு வாசிக்கிறாராம். எனக்குப் போக ஏலாது. எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகேலாது எண்டுதான் என்ரை அகதிப் பத்திரத்திலை அடிச்சுக் கிடக்கு. பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போட்டு, பாசைச் சோதினையிலை ரண்டுதரம் கோட்டை விட்டனான். என்ரை வீட்டு முற்றத்திலை அவர் நிக்கிறார், அவர் விட்டிட்டுப் போன மெற்றோ வாசலைப் பாத்துக்கொண்டு நான் இருக்கிறன். பொறாமைதான், வேறை என்ன.

போன ஞாயிறு ஒரு அவசரத் தையல். மெசின் சத்தத்திலை போன் அடிச்சது கேக்கேல்லை, துணிக்குக் கீழை கிடந்திருக்கு. பாத்தால் அம்மா விடாமல் அடிச்சிருக்கிறா. பதறிப்போய்த் திருப்பி எடுத்தன்.

"எங்கை பிள்ளை போனனீ? அவன் வாசிச்சவன்!"

"ஒவ்வொரு கிழமையும்தானே அம்மா வாசிக்கிறவர்."

அம்மா குரலைத் தாழ்த்தினா. "இல்லைப் பிள்ளை. அதை. அண்டைக்கு வாசிச்சதை. வள்ளம் கிடந்த இடத்திலை நிண்டு தன்ரை பாட்டுக்கு வாசிச்சுக்கொண்டு போனவன், தன்னை அறியாமல் அது வந்திட்டுது.  உனக்குக் கேக்கட்டும் எண்டுதான் அடிச்சனான். அவனுக்குத் தெரியாது பிள்ளை, தான் அதைப் பாரிசிலையே வாசிச்சு முடிச்சிட்டன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

"இப்பவும் அங்கை நிக்கிறாரோ?"

"ஓம், வெளிக்கிடுறான்."

"போனை அவரிட்டைக் குடுங்கோ!"

அம்மா செருப்பை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போறது கேட்டது. அவற்றை மூச்சுச் சத்தம் கேட்டது. நான் ஒண்டையும் யோசிக்கேல்லை.

"தம்பி, இப்ப வாசிச்சதை ஒருக்காத் திருப்பி வாசியும். எனக்காக, ஒரேயொருக்கா. அதுதான் தம்பி, அண்டைக்கு என்ரை தம்பிக்கு வாசிச்சது அதுதான்."

 பிறகு தூரத்திலை அவர் சிரிக்கிறார். "அம்மா, நீங்கள் போனை வைச்சது செவிட்டுக் காதிலை!"

போன் கை மாறிச்சுது. இப்ப குரல் கிட்டக் கேட்டது. நல்ல சந்தோசமான குரல். லாச்சப்பலிலை நான் அப்பிடி ஒருநாளும் கேக்கேல்லை.

"என்ன அக்கா சொன்னனீங்கள்?"

அம்மா சொன்ன ஓமை நான் எப்பிடி இல்லையெண்டுறது? மெசினிலை கிடந்த துணியை இறுக்கிப் பிடிச்சன்.

"நான் திருப்பிச் சொல்லமாட்டன், போம்!" எண்டன்.

அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். போனை அம்மாவிட்டைக் குடுத்திட்டுச் சைக்கிளை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு படலையடியிலை நிண்டு அவர் அம்மாவுக்குச் சொல்லுறதும் எனக்கு வடிவாக் கேட்டது.

"போட்டு வாறன் அம்மா."

வருவார். வாற ஞாயிறு வருவார். எனக்கும் உதைத்தான் சொல்லிப்போட்டுப் போனவர்.